உடம்பு முதலில் நம்பிவிடுகிறது

தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், தீப்பட்ட நாளைவிடக் கட்டு மாற்றும் நாட்கள்தான் கொடுமை என்பார்கள். ஒட்டிப்போன பழைய துணியைப் பிரிக்க வேண்டும். செத்த தோலைச் சுரண்டி எடுத்துப் புண்ணைக் கழுவ வேண்டும். இறுகிப்போன மூட்டுகளை மடக்கி நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆறும் தோல் சுருங்கிக் கை அப்படியே மடங்கி நின்றுவிடும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இது நடக்கும். மார்ஃபின் வகை மருந்துகள் சும்மா படுத்திருக்கும்போது இருக்கும் வலியை அடக்குகின்றன. கட்டைப் பிரிக்கும் நேரத்தில் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது, மூச்சு அடங்கிவிடும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருக்கிறது ஹார்பர்வியூ மருத்துவமனை. அங்கே வலியை ஆராய்ந்துகொண்டிருந்த உளவியலாளர் டேவிட் பேட்டர்சனோடு 1996-இல் ஹன்ட்டர் ஹாஃப்மன் சேர்ந்துகொண்டார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெய்நிகர் உலகங்களைக் கட்டிக்கொண்டிருந்தவர். அப்போது அவர் கைவசம் இருந்தது ஒரு சமையலறை: மேடை, அலமாரி, பாத்திரங்கள், ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் மேகம். சிலந்தியைக் கண்டால் அலறுகிறவர்களின் பயத்தைப் போக்கச் செய்தது. தீக்காயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் 16, 17 வயதில் இரண்டு பையன்களுக்குக் காயத்தைப் பார்க்கும்போது, கொஞ்ச நேரம் வீடியோ கேம், கொஞ்ச நேரம் அந்தச் சமையலறை என்று கொடுத்துப் பார்த்தார்கள். வீடியோ கேமில் இருந்தபோது வலி கடுமையாகவே இருந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனதும் நன்றாகவே குறைந்துவிட்டதாக இருவரும் சொன்னார்கள்.

2000-இல் வெளியான அந்த ஆய்வில் நோயாளிகள் மொத்தம் இரண்டே பேர். அதை வைத்து யாரும் எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் ஹாஃப்மன் விடவில்லை. தீக்காயக்காரர்களுக்கென்றே ஓர் உலகத்தைக் கட்டினார்: ஸ்நோ வேர்ல்ட். பனிப் பள்ளத்தாக்கு ஒன்றில் மெல்ல மிதந்து போகிறீர்கள். கீழே ஆறு. இரண்டு பக்கமும் பனி மனிதர்கள், பனிக்கட்டி வீடுகள், பெங்குவின்கள். அவற்றின் மேல் பனி உருண்டைகளை வீசிக்கொண்டே போக வேண்டும். கதையும் கிடையாது, ஜெயிப்பதும் கிடையாது. இன்றைய கண்ணுக்கு அந்தப் படங்கள் ரொம்பச் சாதாரணம். நோயாளிகள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும்போதும் பயன்பட வேண்டும் என்பதற்காக, மின்சாரம் தலைக்கு வராமல் கண்ணாடி இழை வழியாக வெளிச்சத்தை மட்டும் கொண்டுவரும் ஹெல்மெட் ஒன்றையும் செய்தார்கள். உடம்பு வெந்நீரில், கண் பனியில்.

நோயாளி மரியாதைக்காகச் சொல்கிறாரோ என்ற சந்தேகம் எவருக்கும் வரும். அதற்காக 2004-இல் ஆரோக்கியமான எட்டுப் பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, காலில் தாங்கக்கூடிய அளவு சூட்டை வைத்துப் பார்த்தார்கள். வலியோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளைக் கவனித்தார்கள். ஸ்நோ வேர்ல்டுக்குள் இருந்தபோது ஐந்திலும் செயல்பாடு இறங்கியிருந்தது. பின்னால் நடந்த சோதனைகளில், மார்ஃபின் வகை (ஓபியாய்டு) மருந்தையும் மெய்நிகர் உலகத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தனித்தனியாகக் கொடுத்ததைவிட வலி குறைவாக இருந்தது.

காரணமாக ஹாஃப்மன் சொல்வது கவனம். வலி என்பது தோலில் கிளம்பி மூளையில் போய் விழும் தந்தி இல்லை. அதை உணர மூளை கவனத்தைச் செலவழித்தாக வேண்டும். அந்தக் கவனத்தை வேறு எதுவாவது முழுசாகப் பிடுங்கிக்கொண்டால் வலிக்கு மிச்சம் கொஞ்சம்தான். ஊசி போடும்போது குழந்தையிடம் காக்கா காட்டுகிற எந்தப் பாட்டிக்கும் இது தெரியும். பாட்டிக்கும் ஸ்நோ வேர்ல்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: காக்காவைப் பார்த்துக்கொண்டே குழந்தை ஓரக்கண்ணால் ஊசியையும் பார்த்துவிடும். ஹெட்செட்டுக்குள் ஓரக்கண்ணே கிடையாது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தத் தொட்டியில் கிடந்த யாரும் தாங்கள் பனிப் பள்ளத்தாக்கில் இருப்பதாக எண்ணி ஏமாறவில்லை. கேட்டிருந்தால், மருத்துவமனையில் இருக்கிறேன், இது கம்ப்யூட்டர் படம் என்று தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். தெரிந்தே இருந்தும் வலி குறைந்தது. மெய்நிகர் உலகம் மனித வாழ்க்கையை எப்படி மாற்றும் என்று பேசுகிறவர்கள் பலரும் பொய் உலகத்தில் மக்கள் தொலைந்துபோவார்கள், எது நிஜம் என்று தெரியாமல் போய்விடும் என்று ஆரம்பிக்கிறார்கள். அது அநேகமாக நடக்கப்போவதில்லை. அறிவு ஏமாறாது. ஏமாறுவது அதற்குக் கீழே இருக்கிற உடம்பு. நன்மை, கெடுதல் இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன.

*

உடம்பு எப்படி ஏமாறுகிறது என்பதை ஒரு மரப்பலகையால் காட்டிவிடலாம். மெய்நிகர் ஆய்வகங்களில் விருந்தாளிகளுக்கு முதலில் காட்டும் வித்தை அதுதான். அறையின் தரை சமமானது. ஹெட்செட்டை மாட்டியதும் காலடியில் பெரிய பள்ளம். குறுக்கே ஒரு பலகை. நடந்து அந்தப் பக்கம் போகச் சொல்வார்கள். கல்லூரிப் பேராசிரியரும் சரி, கம்பெனி முதலாளியும் சரி, தரை இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும் முட்டி நடுங்க நிற்பார்கள். உள்ளங்கை வியர்க்கும். சிலர் பலகையில் கால் வைக்கவே மறுத்துவிடுவார்கள்.

பார்சிலோனாவில் பணியாற்றும் மெய்நிகர் ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். 2009-இல் அவர் எழுதியதன்படி, இந்த இடத்தில் நான் இருக்கிறேன் என்ற மயக்கம் ஒன்று. இங்கே நடப்பது நடக்கிறது என்ற மயக்கம் மற்றொன்று. முதலாவது, தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்பத் திரும்புவதால் வருகிறது. இரண்டாவது, அந்த உலகம் உங்களுக்குப் பதில் சொல்வதால் வருகிறது: நீங்கள் பார்த்தால் எதிரே நிற்பவரும் திரும்பிப் பார்க்கிறார். இரண்டுக்குமே படம் தத்ரூபமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 1968-இல் ஐவன் சதர்லேண்ட் கூரையிலிருந்து தொங்கவிட்டுச் செய்த முதல் தலைக்கருவியில் தெரிந்தவை வெறும் கோடுகளால் ஆன உருவங்கள். ஆனால் தலையை நகர்த்தினால் கோடுகளும் இடம் மாறின. மெய்நிகர் துறை முழுக்க அந்த ஒரு காரியத்தின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

தலை திரும்புவதற்கும் படம் மாறுவதற்கும் நடுவே தாமதம் சுமார் 20 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அதைத் தாண்டினால் உள்காது கண்டுபிடித்துவிடும். அங்கே இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை அளக்கின்றன. கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல, குமட்டல் வருகிறது. ஊட்டி மலை ஏறும் பேருந்தில் புத்தகம் படித்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணும் காதும் முரண்பட்டால் ஏன் வாந்தி வர வேண்டும்? மிஷெல் ட்ரெய்ஸ்மன் 1977-இல் ஒரு சுவையான விளக்கம் தந்தார். ஆதி காலத்தில் அப்படி ஒரு முரண்பாடு வந்தால், தின்ற ஏதோ ஒன்று மூளையைத் தாக்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆகவே வயிறு முன்ஜாக்கிரதையாக எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது. நிரூபிக்க முடியாத கதை என்பார்கள் சிலர். எனக்குப் பிடித்த கதை.

கண்ணுக்குள்ளும் ஒரு சண்டை உண்டு. பக்கத்தில் இருக்கும் பொருளைப் பார்க்க இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. கண்ணின் லென்ஸும் பக்கத்துக்கு ஏற்பக் குவிகிறது. ஹெட்செட்டில் கண்கள் திரும்பும், ஆனால் திரை எப்போதும் ஓரிரு மீட்டர் தூரத்தில் இருப்பது போலவே லென்ஸ் குவிந்தாக வேண்டும். பிறந்ததிலிருந்து சேர்ந்தே வேலை செய்த இரண்டைப் பிரிப்பதால் கண் அலுத்துப்போகிறது. நாள் முழுக்க இதை மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கலாம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

மூளையும் ஒரேயடியாக ஏமாந்துவிடுவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மாயங்க் மேத்தா எலிகளுக்கென்று மெய்நிகர் அறை ஒன்றைச் செய்தார்: சுற்றிலும் திரை, காலுக்கடியில் சுழலும் தளம், ஓடினால் காட்சி நகரும். எலி நிஜ அறையில் நடப்பது போலவே அதிலும் நடந்தது. ஆனால் இடத்தை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சுமார் 60 சதவீத நரம்பணுக்கள் அணைந்துகிடந்தன. விழித்திருந்தவையும் தாறுமாறாகத் துடித்தன. 2014-இல் வெளியான முடிவு இது. வெளியே பார்க்க எலி சாதாரணமாகவே இருந்தது என்பதுதான் கவலை தருகிறது. வருடக்கணக்கில் தினமும் பல மணி நேரம் ஹெட்செட்டுக்குள் இருக்கும் பிள்ளையின் ஹிப்போகாம்பஸில் என்ன நடக்கும் என்பதை எலியை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கேள்வியைத் தள்ளிப்போட இது காரணமாகாது.

*

இடத்தை நம்பும் உடம்பு, தன்னையே மாற்றி நம்பவும் தயாராக இருக்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஓர் அட்டைப்பெட்டியையும் ஒரு கண்ணாடியையும் வைத்து இதைக் காட்டினார். கை வெட்டப்பட்ட சிலருக்கு இல்லாத கை வலிக்கும். விரல்கள் இறுக மடங்கி நகம் உள்ளங்கையைக் கிழிப்பது போல இருக்கும். விரிக்க முடியாது, ஏனென்றால் விரிக்கக் கையே இல்லை. நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைக்கச் சொன்னார். இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் நல்ல கையின் பிம்பம் தெரிந்தது. நல்ல கையை விரித்ததும் இல்லாத கையும் விரிவதைக் கண் பார்த்தது. பலருக்கு இறுக்கம் தளர்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு ஆன செலவு எந்த ஆய்வகத்தின் ஒரு நாள் காப்பிச் செலவைவிடவும் குறைவாக இருந்திருக்கும். இன்று மெய்நிகர் கைகளை வைத்துச் செய்யும் மறுவாழ்வுப் பயிற்சிகள் பலவற்றுக்கு அந்தப் பெட்டிதான் மூதாதை.

1998-இல் போட்வினிக், கோஹன் என்ற ஆய்வாளர்கள் செய்தது இன்னும் எளிது. உங்கள் கையை மறைத்து வைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடுகிறார்கள். சில நிமிஷங்களில் ரப்பர் கை உங்கள் கையாகிவிடுகிறது.

ஒரு கையை மாற்றலாம் என்றால் முழு உடம்பையும் மாற்றலாமே? ஸ்லேட்டரின் குழு அதைச் செய்தது. மெய்நிகர் கண்ணாடியில் பெரியவர்களுக்கு நாலு வயதுக் குழந்தையின் உடம்பைக் காட்டினார்கள். கையைத் தூக்கினால் குழந்தை கையைத் தூக்கும். பிறகு சுற்றியுள்ள பொருள்களின் அளவைச் சொல்லச் சொன்னார்கள். எல்லாவற்றையும் உள்ளதைவிடப் பெரிதாகச் சொன்னார்கள். குள்ளமாகத் தெரிந்ததால் அப்படி என்று தோன்றலாம். அதற்காக அதே உயரத்துக்குச் சுருக்கிய பெரியவர் உடம்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது மிகைப்படுத்தல் குறைவாக இருந்தது. உயரம் மட்டும் காரணமில்லை, குழந்தையாக இருப்பதே காரணம் என்று 2013-இல் எழுதினார்கள்.

அதே ஆண்டில் வந்த மற்றொரு ஆய்வு செய்தித்தாள்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. வெள்ளைத் தோல் கொண்ட பெண்களுக்குக் கருந்தோல் உடம்பைச் சில நிமிஷங்கள் கொடுத்தபோது, அவர்களுக்குள் தெரியாமல் ஊறியிருந்த இனச்சாய்வு, அளவுகோலில் குறைந்தது. 2015-இல் ஜோர்டானில் உள்ள ஜாட்டாரி அகதி முகாமில் 12 வயதுச் சிறுமியின் வாழ்க்கையைக் காட்டும் 'கிளவுட்ஸ் ஓவர் சிட்ரா' என்ற படம் ஐ.நா. ஆதரவில் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ் மில்க், பரிவை உண்டாக்குவதில் இதை மிஞ்சிய இயந்திரம் இல்லை என்ற பொருளில் மேடையேறிப் பேசினார். ஆண் பெண்ணாகலாம், பணக்காரர் ஏழையாகலாம், ஒரு மணி நேரத்தில் உலகம் திருந்திவிடும் என்ற தொனி எங்கும் கேட்டது.

ஆனால் அந்த 2013 ஆய்வுக்கு நாலு வருடம் முன்பே, 2009-இல், ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சனின் ஆய்வகத்தில் இதே உடம்பு மாற்றம் வேலைக்கான நேர்முகத் தேர்வுச் சூழலில் நடந்திருந்தது. அங்கே கருந்தோல் உடம்பில் இருந்தவர்களுக்கு இனச்சாய்வு கூடியிருந்தது. எதிரும் புதிருமான முடிவு. சூழல்தான் வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன். தேர்வுக்கு உட்காரும் பதற்றத்தில் மனம் தன்னிடம் உள்ள பழைய படங்களையே வெளியே எடுக்கும் போலிருக்கிறது. காரணம் எதுவானாலும், ஹெட்செட் தானாக யாரையும் நல்லவராக்காது. அது உடம்பைத் திறந்துகொடுக்கும். உள்ளே எதைப் போடுகிறோம் என்பது போடுகிறவர் கையில். ஒரு சமூகத்தின் மேல் வெறுப்பைப் பரப்ப நினைப்பவருக்கும் அதே கதவு திறந்துதான் இருக்கிறது. மேலும், பத்து நிமிஷம் கழித்துக் கழற்றி வைத்துவிடக்கூடிய உடம்பில் இருந்துவிட்டு, கழற்றவே முடியாத உடம்பில் வாழ்கிறவரின் நிலை புரிந்துவிட்டது என்று ஒருவர் கிளம்பினால், புரியாமலே இருந்திருக்கலாம்.

*

மருத்துவத்தில் இந்தக் கருவி சத்தமில்லாமல் நிலைபெற்றுக்கொண்டிருக்கிறது. உயரத்தைக் கண்டு நடுங்குகிறவர்களைப் படிப்படியாக உயரத்துக்குப் பழக்குவது பழைய சிகிச்சை முறை. சிகிச்சையாளர் கூடவே மொட்டை மாடிக்கும் பாலத்துக்கும் போக வேண்டும் என்பதால் நடைமுறையில் கஷ்டம். 1995-இல் பார்பரா ராத்பாம் குழு கண்ணாடி லிஃப்ட், தொங்கு பாலம், பால்கனி என்று எல்லாவற்றையும் ஓர் அறைக்குள் கொண்டுவந்தது. சிகிச்சையை முடித்த பத்துப் பேரில் ஏழு பேர், யாரும் சொல்லாமலே நிஜமான உயரங்களுக்கு ஏறிப் பார்த்தார்கள். 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் சிகிச்சையாளரையே எடுத்துவிட்டார். ஹெட்செட்டுக்குள் இருக்கும் கற்பனைப் பயிற்சியாளர்தான் பேசுவார், ஒவ்வொரு மாடியாக ஏற்றுவார். 100 பேர் கலந்துகொண்ட அந்தச் சோதனையில், சராசரியாக இரண்டு மணி நேரச் சிகிச்சையில் பயம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. மனநல மருத்துவர்கள் போதாத நாடுகளுக்கு, நம்முடையது உட்பட, அணுகுண்டைவிட முக்கியமான கண்டுபிடிப்பு இது என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

2021 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வீட்டிலேயே பயன்படுத்தும் ஹெட்செட் சிகிச்சை ஒன்றை அனுமதித்தது. எட்டு வாரம், தினம் ஒரு சின்ன அமர்வு. சோதனையில் சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி முப்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒப்பீட்டுக்காக ஹெட்செட்டில் தட்டையான சாதாரண வீடியோ மட்டும் பார்த்தவர்களில் 41 சதவீதம் பேருக்கும் அதே அளவு குறைந்தது. இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விற்பனையாளர்கள் முதல் எண்ணோடு நிறுத்திவிடுவார்கள்.

பயிற்சியிலும் இந்தக் கருவி நிலைபெற்றுவருகிறது. விமானிகள் பொம்மை விமான அறையில் கற்பது 1929-இல் எட்வின் லிங்க் செய்த கருவியிலிருந்தே நடந்துவருகிறது. வால்மார்ட் 2018-இல் தன் அமெரிக்கக் கடைகளுக்கு 17,000 ஹெட்செட்டுகளை அனுப்ப ஏற்பாடு செய்தது. பண்டிகைக் காலத் தள்ளுமுள்ளில் கவுன்டரில் நிற்பது எப்படி என்று புதிய ஊழியர்கள் முன்னதாகவே நின்று பார்த்துவிடலாம். நிஜத்தில் செய்தால் ஆபத்தானது, செலவு பிடிப்பது, அரிதாக நடப்பது, ஆனால் உடம்பு பழகியாக வேண்டியது: இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் மெய்நிகர் உலகத்துக்கு இணை இல்லை.

இந்த நான்கும் சேராத இடத்தில்தான் பணம் கரைந்தது. 2014-இல் ஆகுலஸ் நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்கிய ஃபேஸ்புக், 2021 அக்டோபரில் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. இனி கூட்டம், கச்சேரி, கடைத்தெரு எல்லாம் உள்ளேதான் என்றது. அந்தப் பிரிவின் நஷ்டம் 2022-இல் சுமார் 1,370 கோடி டாலர், 2023-இல் 1,610 கோடி, 2024-இல் 1,770 கோடி. ஜனங்கள் குடியேறவில்லை. இடுப்புக்குக் கீழே காலில்லாத பொம்மைகளாக உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங் நடத்த யாருக்கும் ஆசை வரவில்லை. மனிதர்கள் கூடுவது சாப்பாட்டுக்காக, வம்பளக்க, பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்ட. முகத்தில் அரைக் கிலோ கனத்தைக் கட்டிக்கொண்டு அதில் எதையும் செய்ய முடியாது. 3,499 டாலருக்கு ஆப்பிள் 2024-இல் கொண்டுவந்த விஷன் புரோ தொழில்நுட்பத்தில் அற்புதம். அதையும் பெரும்பாலானோர் பார்த்து வியந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

குடியேறிய கொஞ்சம் பேருக்கும் தொல்லை வந்தது. மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் தளத்தில் முன்பின் தெரியாத உருவங்கள் சூழ்ந்து அத்துமீறியதாகப் பெண்கள் புகார் சொன்னார்கள். வெறும் பொம்மைதானே, யாரும் தொடவில்லையே என்று பதில் சொன்னவர்கள் உண்டு. இந்த அத்தியாயத்தை இதுவரை படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ரப்பர் கையைத் தன் கை என்று நினைக்கும் உடம்பு, தன் பொம்மை உடம்பை நோக்கி வரும் கையைக் கண்டு ஏன் ஒடுங்காது? 2022 பிப்ரவரியில் ஒவ்வொரு உருவத்தையும் சுற்றிச் சுமார் நான்கடி இடைவெளி தானாக விழும்படி மெட்டா மாற்றியது.

*

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வகம் 2009-இல் சிறு பிள்ளைகளுக்குத் திமிங்கலத்தோடு நீந்தும் மெய்நிகர் அனுபவத்தைக் கொடுத்தது. சில நாள் கழித்துக் கேட்டபோது, ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகள் கணிசமானோர் அது நிஜமாகவே நடந்ததாக நினைவுகூர்ந்தார்கள். மனசுக்குள் கற்பனை செய்து பார்க்கச் சொன்ன பிள்ளைகளுக்கும் இப்படிப் பொய் நினைவு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; பிள்ளைகளின் நினைவு இயல்பிலேயே இளகியது. ஆனால் கற்பனையை அந்தப் பிள்ளையே செய்கிறது. ஹெட்செட்டில் வருவதை ஒரு கம்பெனி செய்து அனுப்புகிறது.

பெரியவர்களுக்கும் நினைவு சார்ந்த சோதனை ஒன்று வந்துவிட்டது. 2020-இல் தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி, நோயில் இறந்துபோன ஏழு வயதுச் சிறுமியைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அவள் தாயை ஹெட்செட்டோடும் தொடுவுணர்வுக் கையுறையோடும் அவள் முன்னே நிறுத்தியது. தாய் கையை நீட்டி மகளின் முகத்தைத் தடவினார். பார்த்த கோடிக்கணக்கானோரில் பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் கோபப்பட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தாய்க்கு அது ஆறுதலாக இருந்தது என்றால் அதில் நான் கருத்துச் சொல்ல ஏதுமில்லை. என் தயக்கம் இரண்டாம் சந்திப்பைப் பற்றியது. ஒருமுறை என்பது சடங்கு. நம் ஊர்த் திதியும் திவசமும் வருடத்துக்கு ஒருநாள்தான் வருகின்றன. அதையே மாதச் சந்தாவாக ஒரு நிறுவனம் விற்றால், சந்தாவை நிறுத்தும் நாளில் அந்தத் தாய் இரண்டாம் முறை மகளை இழக்கிறார். கட்டணம் கட்டத் தவறியதற்காக.

மெய்நிகர் உலகம் நம்மை ஏமாற்றுவதைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம். அது நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றியும் பேச வேண்டும். தலை திரும்பினால் காட்சி மாற வேண்டும் என்பது அடிப்படை விதி என்றேன். அதற்காக உங்கள் தலை எங்கே, கை எங்கே என்று கருவி ஒரு வினாடிக்குப் பல பத்து முறை அளந்துகொண்டே இருக்கிறது. இருபது நிமிஷம் உள்ளே இருந்தால் உங்கள் உடல்மொழியின் பதிவுகள் ஏறக்குறைய இருபது லட்சம் சேர்கின்றன என்று பெய்லன்சன் 2018-இல் கணக்கிட்டார். இதை நிறுத்த முடியாது. நிறுத்தினால் மெய்நிகர் உலகமே வேலை செய்யாது. செல்போனில் இருப்பிடத்தை அணைத்து வைப்பது போன்ற வழி இங்கே இல்லை.

அந்தப் பதிவிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். 2020-இல் ஸ்டான்ஃபோர்டில் 511 பேருக்கு 360 பாகை வீடியோக்களைக் காட்டி, அவர்களின் அசைவை மட்டும் கணினிக்குக் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷத்துக்கும் குறைவான பதிவைக் கொண்டே 95 சதவீதம் சரியாக அடையாளம் காட்டியது. 2023-இல் பெர்க்லி ஆய்வாளர்கள், ஒளி வாளால் கட்டைகளை வெட்டும் பீட் சேபர் என்ற விளையாட்டின் பதிவுகளை எடுத்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள். ஆளுக்கு 100 வினாடி தலை, கை அசைவு போதுமானதாக இருந்தது. 94 சதவீதம் பேரைக் கணினி பிரித்துச் சொல்லிவிட்டது. பெயரும் முகமும் நீக்கிவிட்டோம் என்று நிறுவனம் தரும் உத்தரவாதத்துக்கு இதன் பிறகு மதிப்பில்லை. நடக்கும் விதமே பெயராகிவிட்டது. கூடவே உடல்நலத் தகவலும் அதில் ஒளிந்திருக்கிறது: கை நடுக்கம், நடையின் தளர்ச்சி, எதிர்வினையின் வேகம். மருத்துவர் சொல்வதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனம் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள்.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்கிறது. நல்ல விதி. இணையத்தில் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள், எதைச் சொடுக்குகிறார்கள் என்பதை மனதில் வைத்து எழுதியது என்பது படித்தாலே தெரிகிறது. ஆனால் கண்காணிக்காமல் இயங்கவே முடியாத கருவி ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் மாட்டும்போது அந்த விதி எதைக் குறிக்கும்? மெட்டா தன் ஹெட்செட்டுக்கான குறைந்தபட்ச வயதை அதே 2023-இல் 13-லிருந்து 10-ஆக இறக்கியது. காட்சியை மாற்ற எடுக்கும் அளவு, வேலை முடிந்ததும் கருவியிலேயே அழிந்துவிட வேண்டுமா, அல்லது நிறுவனத்தின் கிடங்குக்குப் போகலாமா என்ற ஒரு வரிக் கேள்விக்கு அந்தச் சட்டத்தின் பாஷையில் விடை எழுத வேண்டியிருக்கிறது. கருவிகள் விலை குறைந்து பள்ளிக்கூடங்களுக்குள் வருவதற்கு முன்னால் எழுதினால் சுலபம்.